அப்பா இரண்டு முறை கொடுத்த இரத்தம்

பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பத்து வயதில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்து, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலையேறி எங்களை வளர்த்தவர் அப்பா. தமக்குக் கிடைக்காத படிப்பை எனக்குக் கொடுத்தார். அவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. ஆனாலும் அழுதுகொண்டு எழுத மனமில்லை. சொல்ல அவ்வளவு சந்தோஷமான சங்கதி இருக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் மலையில் அப்பாவுக்கு நெஞ்சு இறுகியது. வாயு என்றார். தோட்டத்து மருந்து ஐயா நம்பவில்லை. கண்டியிலுள்ள டாக்டருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். டாக்டரிடமும் அப்பா, இந்த வாரம்தான் லேசாக வலித்தது என்றார். இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் என்னும் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும், காலையில் எதுவும் சாப்பிடாமல் வாருங்கள் என்றார் டாக்டர்.

அன்று அத்தை வீட்டில் தங்கினோம். காலையில் நான் குளிக்கப் போன நேரம், அத்தை தம் தம்பியான அப்பாவுக்கு ஒரு செம்பு எருமைப்பாலில் நெய் விட்டுக் கொடுத்துவிட்டார். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்தாலும் எங்கள் லயத்தில் பால் குடிக்கத் தடையில்லை. அந்த வழக்கப்படி அவரும் மறுக்காமல் குடித்துவிட்டார்.

முற்பகலில் இரத்தம் கொடுத்து, பகலில் முடிவு கேட்கப் போனபோது, பரிசோதனை செய்தவர் கண்ணாடிக் குழாயைக் காட்டினார். இரத்தத்தின் சிவப்பு அடியில் தங்கியிருந்தது. மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர் பால்போலக் கலங்கியிருந்தது.

“காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணும் சாப்பிடலீங்க.”

“குடிச்சது?”

அப்பா என்னைப் பார்த்தார். “பாலுங்க. அதெல்லாம் சாப்பாட்டுல சேத்தியாங்க?”

சாப்பிட்ட கொழுப்பு சில மணி நேரம் இரத்தத்தில் இப்படி மிதக்கும், மறுபடியும் வாருங்கள் என்றார் அவர். எனக்கு வெட்கம், அப்பாவுக்கோ ஒரே அதிசயம். ரயிலில் வெகுநேரம் சிரித்தவர், திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

“வாயு இல்லடா தம்பி. ஒரு வருசமா வலிக்குது. சொன்னா மலையிலருந்து எறக்கிருவாங்க, ஒம் படிப்பு நின்னுரும்னு இருந்துட்டேன். இனி அந்தக் கொழாய் முன்னாடி எத்தன நாளைக்கு மறைக்கிறது?”

அடுத்த வாரம் வெறும் வயிற்றோடு போனோம். நீர் தெளிந்திருந்தது; கொலஸ்ட்ரோல் அதிகந்தான். அந்த இலக்கத்தைவிட ஓராண்டு வலியைச் சொன்னதுதான் பெரிது என்றார் டாக்டர். இரத்த அழுத்தம், சுருட்டு, வேலைப் பளு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே இருதயத்தைக் கணிக்க வேண்டுமாம். அப்பா சுருட்டை விட்டார். கொழுப்புக் கறியைக் குறைத்தார். மருந்து ஐயா தோட்டத் துரையிடம் பேசிக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் லேசான வேலை வாங்கிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் கொலஸ்ட்ரோல் இறங்கியது. எழுத்து வாசனையே அறியாத அப்பா அந்த முடிவு எழுதிய துண்டுச் சீட்டை லயம் லயமாகக் கொண்டுபோய், “நானும் பாஸுடா” என்று காட்டினார்.

கண்டிக்கு முதலில் போய் வந்தபின் மொத்தம் மூன்று ஆண்டுகள் இருந்தார். நான் ஆசிரியனாக வகுப்பில் நின்றதை ஜன்னலோரம் வந்து பார்த்துப் போனார். ஒரு விடியற்காலையில், அம்மா தேத்தண்ணீர் ஊற்றும்போது, அவர் இருதயம் நின்றது.

மருந்து ஐயாவுக்கும், கண்டி டாக்டருக்கும், பாடை சுமந்த தோட்டத்து மக்களுக்கும் எங்கள் கைகள் குவிகின்றன. உங்களில் யாரேனும் நெஞ்சு வலியை மறைத்து வைத்திருந்தால் என்னிடம் சொல்லுங்கள். வரும் திங்கட்கிழமை சின்ன மாமாவைக் கண்டிக்குக் கூட்டிப் போகிறேன். நேற்றுத்தான் வாய் திறந்தார்.