கெமராவுக்கு வைத்த பொட்டு

கொழும்புக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை என்று ஒருத்தி என்னிடம் வந்தாள். "நெட்டுல தட்டிப் பாத்துச் சொல்லுங்க டீச்சர், எங்க இருக்காருன்னு." அப்படியெல்லாம் பார்க்க முடியாது என்று எவ்வளவோ சொன்னேன். அவள் நம்பவில்லை. எனக்குச் சரியாகத் தட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, நன்றாகத் தெரிந்த ஆள் வேறு யாராவது ஹட்டன் டவுனில் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியை. கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய் வந்தவள் எங்கள் தோட்டத்திலேயே நான் ஒருத்திதான். அந்தப் பாவத்துக்கு, வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடெல்லாம் என்னைத் தேடி வந்தது. ஈமெயில் பார்க்க வேண்டும், படம் அனுப்ப வேண்டும், ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே ரிசல்ட் பார்க்க வேண்டும். பேப்பரில் வந்ததைக்கூட "எழுதுறவன் எதையும் எழுதுவான்" என்று சந்தேகப்பட்ட ஆட்கள், நெட்டில் வந்தது என்றால் வாயை மூடிக்கொண்டார்கள். கோயிலில் சத்தியம் செய்ததற்கும் மேலான ஒரு மரியாதை அதற்கு எப்படியோ வந்துவிட்டது. எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. கடைசியில் அது எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

என் அக்கா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். போய் ஒரு வருஷம் முடியுமுன், ஒரு மார்கழியில், அப்பா இறந்துபோனார். மலையில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்றார். தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே போய்விட்டார். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, மீசையை மழித்துக்கொண்டு கொள்ளி வைத்தார். அதனாலேயோ என்னவோ, அதற்குப் பிறகு வீட்டில் எல்லாவற்றையும் அவரே முடிவு செய்தார். அக்காவுக்கு இப்போது சொல்லக் கூடாது என்பதும் அவர் முடிவுதான்.

எங்கள் பக்கம் சாவுச் சேதியைச் சாவு என்று சொல்லும் வழக்கம் கிடையாது. கொழும்பில் கடையில் நிற்கிறவனுக்கு, "ரொம்ப முடியல, ஒடனே வா" என்றுதான் போன் போகும். அவனும் துருவிக் கேட்க மாட்டான். பஸ் ஏறி வருவான். தோட்டத்து ரோட்டில் இறங்கும்போதே தப்படிக்கிற சத்தம் காதில் விழும். அதற்குள் சொந்தக்காரர்கள் நாலு பேர் எதிரே போய்த் தோளைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவன் அந்தச் சேதியைத் தனியாக நின்று கேட்கக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது பஸ் ஓடுகிற தூரத்துக்கு உண்டான ஏற்பாடு. "ஒடனே வா" என்றால் வர முடியாத ஒருத்திக்கு என்ன செய்வது என்று அதில் இல்லை. ஆகவே எங்கள் ஆட்கள் அந்த வழக்கத்தை அப்படியே இழுத்து நீட்டினார்கள். அவள் ஒப்பந்தம் முடிந்து வந்து, தோட்டத்து ரோட்டில் இறங்கிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது.

நான் கூடாது என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று சித்தப்பாவின் முகத்துக்கு நேரேயே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, தாய் செத்த சேதியைப் போனில் கேட்டுவிட்டு, வெளிநாட்டில் தான் வேலை செய்த வீட்டை விட்டு ரோட்டில் ஓடி, பொலீஸில் அகப்பட்டுப் பல மாதம் கிடந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதைத்தான் ஞாபகப்படுத்தினார். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னா, ஒரு பொய் சொல்லி ஒரு புள்ளயக் காப்பாத்தக் கூடாதா?" என்றார். நானும் சரி என்றேன்.

போன் மட்டும் இருந்த வரைக்கும் அந்தப் பொய் நன்றாகத்தான் ஓடியது. அப்பா உயிரோடு இருந்தபோதே போன் என்றால் ஒதுங்குகிற ஆள். வற்புறுத்திக் கையில் கொடுத்தால், "நல்லா இருக்கியா? சரி, வையி" என்று கத்திவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். அதனால் அவர் பேசாதது அக்காவுக்குப் புதிதாகத் தோன்றவில்லை. அப்பா மலையில் வேலையாக இருக்கிறார், அப்பா குளிக்கப் போயிருக்கிறார், அப்பா தூங்குகிறார் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னோம். அம்மா மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். சாப்பிட்டியா, உடம்பு எப்படி என்பதோடு போனை என்னிடம் தந்துவிடுவாள்.

பிறகு அக்கா படம் கேட்டாள். வேலை செய்யும் வீட்டில் மேடத்தின் மகள் இவளுக்கு ஒரு ஈமெயில் திறந்து கொடுத்திருந்தாள். சித்தப்பா பெட்டியைத் தேடி ஒரு பழைய படத்தை எடுத்து வந்தார். கோயில் திருவிழாவில் அப்பாவும் அம்மாவும் நிற்கிற படம். அதை ஹட்டனில் ஸ்கேன் செய்து அனுப்பினோம். அக்கா இரண்டு நாளில் போன் எடுத்தாள். அப்பா இளைக்கவே இல்லை, முன்னைவிட நன்றாக இருக்கிறார் என்று சந்தோஷப்பட்டாள். தபாலில் போயிருந்தால் பின்பக்கம் பழுத்திருப்பதைப் பார்த்திருப்பாள், ஓரம் மடங்கியிருப்பதைப் பார்த்திருப்பாள். நெட்டில் போனதால் எல்லாம் நேற்று எடுத்ததுபோல் இருந்தது.

சித்திரை வருஷம் பிறந்த கையோடு அக்கா அந்தச் சேதியைச் சொன்னாள். அந்த வீட்டுக் கொம்பியூட்டரில் கெமரா வைத்திருக்கிறார்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை மேடம் வெளியே போகிறாள், மகள் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள், எல்லோரும் ஹட்டன் நெட் கடைக்கு வாருங்கள், முகம் பார்த்துப் பேசலாம் என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு துள்ளல்.

சித்தப்பாவின் மீசை அதற்குள் நன்றாக வளர்ந்துவிட்டது. அம்மாவின் நெற்றியில்தான் திருநீற்றைத் தவிர ஒன்றும் இல்லை. கழுத்தைக் குளிருக்குப் போடுகிற சால்வையால் மறைத்துவிடலாம். நெற்றியை என்ன செய்வது? ஞாயிறு காலை ஹட்டனில் பஸ் இறங்கியதும் சித்தப்பா ஒரு ஃபேன்சி கடைக்குள் போனார். வெளியே வந்தபோது கையில் ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை இருந்தது. அதை அம்மாவிடம் கொடுக்க அவருக்குத் தைரியம் இல்லை. என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நடுரோட்டில் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. அம்மாதான் கையை நீட்டி வாங்கினாள். கண்ணாடிகூடக் கேட்காமல், ஒன்றை உரித்துத் தடவிப் பார்த்து நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். மாதக்கணக்கில் வெறும் நெற்றியாகப் பார்த்த முகம். பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

நெட் கடை ஒரு மாடியில் இருந்தது. பலகை அடித்து மறித்த சின்னச் சின்ன அறைகள். அம்மாவைக் கெமராவுக்கு நேரே உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கீபோர்டோடு நான் பக்கத்தில் நின்றேன். சத்தம் எனக்கும் கேட்கட்டும் என்று அம்மா ஒரு காதை விலக்கி வைத்திருந்தாள். எங்களுக்குச் சைகை காட்டுவதற்காக, சித்தப்பா கெமராவில் படாத மாதிரி சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

அக்காவின் முகம் விட்டு விட்டு வந்தது. மெலிந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் சிரித்தாள், உடனே அழுதாள், திரும்பவும் சிரித்தாள். அப்பா எங்கே என்று கேட்டாள். பஸ்ஸில் வந்தால் தலை சுற்றுகிறது என்று சொல்லி வரவில்லை என்றேன். சொல்லச் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னேன். அவளுக்கு முகம் கொஞ்சம் வாடியது. பிறகு கீழே குனிந்து எதையோ எடுத்து விரித்துத் தன் தோளில் வைத்துக் காட்டினாள். கம்பளி ஸ்வெட்டர்.

"அப்பாவுக்கு எடுத்தேம்மா. தோள் அளவு சரியா இருக்குமா, பாருங்க."

அம்மா பார்த்தாள். திரையில் ஸ்வெட்டர் அப்படியும் இப்படியும் திரும்பியது. சரி என்று சொல்லும்படி சித்தப்பா சுவரோரமிருந்து கையைக் காட்டினார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கையைத் தூக்கி நெற்றியிலிருந்து பொட்டை உரித்தாள். உரித்ததை, வீட்டில் குளிக்கப் போகுமுன் கண்ணாடியில் ஒட்டி வைக்கிற பழக்கத்தில், அந்தத் திரையின் ஓரத்தில் ஒட்டினாள். சால்வையை இறக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி" என்றார் சித்தப்பா.

திரையில் அக்கா ஸ்வெட்டரைப் பிடித்தபடியே அசையாமல் நின்றாள். நெட் லைன் மந்தமாகி இழுத்தால் அந்தக் கடையில் எல்லா முகமும் அப்படித்தான் நின்றுவிடும். படம்தான் நின்றுவிட்டதா, அவள்தான் நிற்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. சத்தமும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கீழே இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்தது. அப்பாவா என்று கேட்டிருந்தாள். ஆமா என்று தட்டினேன். அடுத்ததாக ஒரே ஒரு வார்த்தை வந்தது. எப்ப?

அந்தக் கேள்வியை எங்களில் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. செத்ததை எப்படிச் சொல்வது என்று யோசித்திருக்கிறோம், என்றைக்குச் சொல்வது என்று யோசித்திருக்கிறோம். என்றைக்குச் செத்தார் என்று அவள் கேட்பாள் என்று யோசிக்கவில்லை. மார்கழி என்று தட்டினேன். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு அப்பாவை விசாரித்திருந்தாள், சிவராத்திரிக்கு விசாரித்திருந்தாள், ஒவ்வொரு தடவையும் நாங்கள் பதில் சொல்லியிருந்தோம். கெமராவை யார் நிறுத்தினார்களோ, படம் போய்விட்டது. அம்மா அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் வாய்விட்டு அழுதாள். பக்கத்து அறைகளில் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்து, என்ன ஏது என்று கேட்காமலே அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். குவைத்தில் அக்காவைப் பிடித்துக்கொள்ள யார் இருந்தார்கள் என்று நினைத்து நான் அழுதேன்.

அவள் வேலையை விட்டு ஓடவில்லை. சித்தப்பா பயந்த ஒன்றும் நடக்கவில்லை. ஒப்பந்தம் முடியும் வரை அங்கேதான் இருந்தாள். ஆனால் எங்கள் பேச்சை அவள் நம்புவது அன்றோடு நின்றுவிட்டது. போனில் என்ன சொன்னாலும் "சரி, ஞாயித்துக்கெழம பாக்குறேன்" என்பாள். மேடத்தின் மகளை எப்படியோ கெஞ்சி, மாதத்தில் இரண்டு ஞாயிறாவது கெமராவுக்கு வந்துவிடுவாள். நாங்கள் எல்லோரும் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போக வேண்டும். மழையானாலும், சித்தப்பாவுக்கு மூட்டு வலியானாலும் போக வேண்டும். ஒவ்வொருவராக முன்னால் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவதுபோல் அவள் எங்களைக் கூப்பிட்டாள். முகம் தெரிந்தால் போதும், பேச ஒன்றும் இருக்காது. முன்பெல்லாம் போனில் எவ்வளவு பேசுவாள். லயத்து வீடுகளில் யாருக்குப் பிள்ளை பிறந்தது, கொழுந்து எப்படி, எங்கள் நாய் என்ன செய்கிறது என்பது வரை கேட்பாள். அதெல்லாம் போய்விட்டது. நான் களைத்துப்போனேன். அவளைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். காற்றும் மழையுமாக இருந்தது. அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு நான் மட்டும் ஹட்டனுக்குப் போனேன். அம்மா எங்கே என்று அக்கா கேட்டாள். காய்ச்சல், டிஸ்பென்சரி மருந்து எடுத்திருக்கிறது, படுத்திருக்கிறாள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப?" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நேற்றிலிருந்துதான் காய்ச்சல் என்றேன்.

"அதக் கேக்கல. அம்மா எப்பன்னு சொல்லு."

சத்தியம் செய்தேன். அழுதேன். என் கண்ணீர் அவளுக்கு அதையே உறுதிப்படுத்தியது. மேடத்தின் மகளிடம் கேட்டுக் கெமராவைத் திறந்தே வைத்திருப்பதாகவும், அம்மாவைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவதாகவும் சொன்னாள். நான் கடைக்கு வெளியே ஓடிப் போய்ச் சித்தப்பாவுக்குப் போன் எடுத்தேன். அவர் கம்பளியைச் சுற்றி அம்மாவைத் திரீவீலரில் ஏற்றிக்கொண்டு, அந்த மழையில் நோர்வூட்டைத் தாண்டி ஹட்டனுக்கு வந்து சேர்ந்தார். மாடிப்படி ஏறும்போது அம்மாவுக்குக் கால் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்து கெமராவுக்கு முன்னால் உட்கார வைத்தோம். லைன் இழுத்தது. குவைத்தில் அம்மாவின் முகம் அசையாத படமாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். அக்கா திரைக்குக் கிட்ட வந்து பார்த்தாள். அவளுக்கு அது போதவில்லை.

"கையத் தூக்கிக் காட்டுங்கம்மா" என்றாள்.

அம்மா கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். அங்கே அக்காவுக்குப் படம் அசைகிற வரைக்கும் இறக்கவில்லை.