ஐஸ்கிறீம் பாட்டு

ஊர்காவற்றுறையில் இறங்குதுறைக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோப் பிரதி எடுத்துக் கொடுப்பேன், போனுக்குக் காசு றீலோட் போடுவேன், கண்ணாடி வெடித்த போனுக்கு வேறு கண்ணாடி மாற்றிக் கொடுப்பேன். இதெல்லாம் பலகையில் எழுதியிருக்கிற வேலைகள். பலகையில் எழுதாத வேலை ஒன்றும் உண்டு. பாட்டுக் கண்டுபிடித்துக் கொடுப்பது.

"அக்கா, டுப் டுப் எண்டு வந்து நடுவிலை ஒரு பெட்டை சிரிப்பாள், அந்தப் பாட்டு இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். பாட்டின் பெயரும் தெரியாது, பாடியவரும் தெரியாது. முழுப் பாட்டையும் கேட்டவர்களே குறைவு. போனில் வரும் சின்ன வீடியோக்களில் அந்தச் சிரிப்புத் துண்டு மட்டும் கேட்டிருப்பார்கள். எனக்கு அது பிடித்த வேலை. புதுப் பாட்டுகளில் சொல்லே இல்லை, வெறும் சத்தம் என்று என் வயதுக்காரர்கள் குறைப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு நல்ல தாள அடி போய்க்கொண்டிருந்தால் கை தானாக வேகம் பிடிக்கும். நாற்பத்தைந்து வயதில் கால் தட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

போன வருடம் எங்கள் பக்கத்துத் தேவாலயப் பெருநாளுக்கு நானும் போயிருந்தேன். அங்கே ஒலிபெருக்கி எப்போதும் ஒருவருடைய கையில்தான் இருக்கும். ஐம்பது வயது தாண்டிய கடற்றொழிலாளி. வழியை மறைத்து விட்ட மோட்டார்சைக்கிளை எடுக்கச் சொல்வது, தொலைந்த திறப்புக் கொத்தை அறிவிப்பது, அன்னதானம் எந்தப் பக்கம் என்று சொல்வது எல்லாம் அவர்தான். குரல் கரகரவென்று இருக்கும். ஆனால் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் கடைசி வரை உச்சரித்துப் பேசுவார். அதைக் கேட்கவே சிலர் மேடைக்குப் பக்கத்தில் நிற்பார்கள்.

அன்று பின்னேரம், தேர் வெளிக்கிடுவதற்கு முன்னர், அவர் அறிவித்தார்.

"அன்பான சனங்களே, ஒரு அறிவித்தல். றோஸ் சட்டை போட்ட பிள்ளை ஒண்டு இஞ்சை என்னோடை நிக்குது. பேர் கேட்டால் சொல்லுதில்லை. அம்மா எங்கை எண்டு கேட்டால், ஐஸ்கிறீம் எண்டு சொல்லுது. அப்பா எங்கை எண்டு கேட்டால், போனுக்குள்ளை எண்டு சொல்லுது. ஐஸ்கிறீமும் போனும் எங்கை நிண்டாலும் உடனை மேடைக்கு வரவும்."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு இளம்பெண் ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். பிறகு தேர் வந்தது, அதை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

யாரோ ஒருவர் மறக்கவில்லை. மேடையைப் போனில் பிடித்து வைத்திருந்திருக்கிறார். அது எப்படியோ கடல் தாண்டிப் போய், எங்கேயோ ஒரு நாட்டில் இருக்கிற பெடியன் ஒருவன் அதற்குத் தாள அடி போட்டுப் பாட்டாக்கினான். "அம்மா எங்கை? ஐஸ்கிறீம். அப்பா எங்கை? போனுக்குள்ளை." நடுவில் ஒரு நிறுத்தம், பிறகு தடதடவென்று மேளம் போல ஒரு அடி. பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. ஒரு கிழமைக்குள் என் கடைக்கு வருகிற பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். கலியாண வீட்டில் பொம்பிளையும் மாப்பிள்ளையும் அதற்கு வாயசைத்தார்கள். கந்தோரில் வேலை பார்க்கிறவர்கள் மேசையில் இருந்துகொண்டே அசைத்தார்கள். நாய்க்குட்டி ஒன்றையும் அசைக்க வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் காலை, அந்த அறிவிப்பாளர் அண்ணையே கடைக்கு வந்தார். அவரிடம் இருப்பது பட்டன் போன்.

"தங்கச்சி, என்ரை குரல் போனிலை போகுதாம். கரையிலை மீன் வாங்க வாற சனமெல்லாம் என்னைக் கண்டவுடனை அம்மா எங்கை எண்டு கேக்குது. என்னெண்டு ஒருக்கால் காட்டும் பாப்பம்."

எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. மனிதர் வெட்கப்படுவாரோ, கோபப்படுவாரோ என்று நினைத்துக்கொண்டு போட்டேன். கதிரையின் நுனியில் இருந்து, தலையைச் சரித்து, ஒரு தரம் முழுக்கக் கேட்டார். "இன்னொருக்கால் போடும்" என்றார். பிறகு கேட்டார்:

"உந்த மேளம் ஆர் அடிச்சது?"

"மேளமில்லை அண்ணை. கொம்பியூட்டரிலை செய்யிறது."

"ஆர் செய்தாலும் நல்லாச் செய்திருக்கிறான். நான் நிப்பாட்டின இடத்திலை அவனும் நிப்பாட்டியிருக்கிறான், பாத்தீரே?"

மகிழ்ச்சியாகத்தான் போனார். அடுத்த நாள் அவருடைய மனைவி வந்து, தன் போனுக்கு மணியோசையாக அதையே போட்டுத் தரச் சொன்னார். "வீட்டிலை கத்துறது காணாதெண்டு போனுக்குள்ளையும் கத்தட்டும்" என்று சிரித்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

சில நாட்களுக்குப் பிறகு, மத்தியான வெயிலில், கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு பெண் வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். நாரந்தனையில் இருந்து சைக்கிளில் வந்திருந்தாள். கொஞ்ச நேரம் போன் உறைகளைப் பார்க்கிற மாதிரி நின்றாள்.

"அக்கா, நெட்டிலை கிடக்கிற ஒண்டை அழிக்கேலுமோ?"

"என்னது பிள்ளை?"

"அந்த ஐஸ்கிறீம் பாட்டு."

எனக்கு உடனே விளங்கவில்லை. "அது ஆயிரம் பேரிட்டைப் போயிட்டுதே. போட்டவை தாங்களா எடுத்தால்தான். எங்களாலை ஏலாது" என்றேன். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். பெருநாளில் ஓடி வந்து பிள்ளையைத் தூக்கியது அவள்தான்.

கதிரையை இழுத்துப் போட்டேன். இருந்தாள். தன் போனை எடுத்து, பாட்டின் கீழே ஆட்கள் எழுதியிருந்தவற்றைக் காட்டினாள். நான் பாட்டைக் கேட்டிருக்கிறேனே தவிர, கீழே வாசித்ததில்லை. தாய் ஐஸ்கிறீம் குடிக்கிறாளாம், தகப்பன் போன் நோண்டுகிறானாம், பிள்ளை தெருவில் நிற்கிறதாம். இதுகளெல்லாம் ஏன் பிள்ளை பெறுகுதுகள் என்று ஒருவர். இந்தக் காலத்துப் பெண்களே இப்படித்தான் என்று இன்னொருவர். அதற்குக் கீழே ஆமாம் போட்டுப் பலர்.

"ஆக்கள் அறியமாட்டினம் எண்டுதான் அக்கா இருந்தனான். வீடியோவிலை பிள்ளையின்ரை முகம் தெரியுது. லண்டனிலை இருக்கிற மச்சாள் கண்டிட்டா. இதெல்லாத்தையும் படம் பிடிச்சுக் குடும்பக் குழுவிலை போட்டிட்டா. மாமி என்னோடை கதைச்சு ஒரு கிழமை."

"என்ன நடந்தது அண்டைக்கு?"

"இவள் ஐஸ்கிறீம் வேணுமெண்டு அழுதவள். ஐஸ்கிறீம் வானடியிலை சரியான சனம். நசிஞ்சு போவாள் எண்டு போட்டு, பக்கத்து வீட்டு அக்காவின்ரை கையிலை பிடிச்சுக் குடுத்திட்டு, அம்மா ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு வாறன், நில்லுங்கோ எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனனான். பாண்ட் அடிக்கத் துடங்க இவள் கையை உதறிப்போட்டு ஓடியிட்டாள்." போனை மடியில் வைத்தாள். "அவர் கட்டாரிலை அக்கா. இவள் தவழேக்கை போனவர். இவளுக்கு அப்பா எண்டால் போனுக்குள்ளை வாற ஆள்தான். பிள்ளை ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை. அம்மா எங்கை எண்டு கேட்டவை, சொன்னவள். அப்பா எங்கை எண்டு கேட்டவை, அதையும் சொன்னவள்."

அத்தனை நாள் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சின்னப் பிள்ளை கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியிருக்கிறது என்று ஒரு தரமும் தோன்றவில்லை. ஐஸ்கிறீம் வானடியில் போய்ப் பார்த்திருந்தால் தாய் அங்கேதான் நின்றிருப்பாள்.

அவளிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, அன்று பின்னேரமே அண்ணையிடம் இதைச் சொன்னேன். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"நான் பிள்ளை சொன்னதைத்தானே சொன்னனான்."

"ஓம் அண்ணை. உங்களிலை ஒரு பிழையும் இல்லை. அவவும் அப்பிடிச் சொல்லேல்லை."

"பிழை இல்லை, சரி. அதுக்காக அந்தப் பிள்ளை ஏன் பேச்சு வாங்கவேணும்?" வலையை ஒதுக்கி வைத்தார். "அந்தக் குரலைத்தானே எல்லாரும் கேட்டவை. அதே குரல் போய் விசயத்தைச் சொன்னால் கேப்பினமோ, மாட்டினமோ?"

"சொல்லிப் பாப்பம்" என்றேன்.

அடுத்த நாள் வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை சீவி இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். பெயரும் ஊரும் சொல்லக் கூடாது என்று அவள் கேட்டிருந்தாள். அதை அவருக்குச் சொல்லி, போனை நிமிர்த்தி வைத்து, "கதையுங்கோ அண்ணை" என்றேன். அவ்வளவு சனத்துக்கு முன்னால் பேசுகிற மனிதருக்கு என் போனைப் பார்த்ததும் பேச்சு வரவில்லை. தொண்டையைச் செருமினார், தண்ணீர் குடித்தார், திரும்பவும் செருமினார்.

"ஏலாது தங்கச்சி. கையிலை மைக் இல்லாமல் எனக்கு வராது."

மேசையில் கிடந்த ஸ்டெப்ளரை எடுத்து வாய்க்கு நேரே பிடித்தார். உடனே குரல் வந்துவிட்டது.

"அன்பான சனங்களே, ஒரு அறிவித்தல். அம்மா எங்கை எண்டு கேட்க ஐஸ்கிறீம் எண்டு சொன்ன பிள்ளையைப் பற்றி. அந்தத் தாய் அந்த நேரம் அந்தப் பிள்ளைக்கு ஐஸ்கிறீம் வாங்கச் சனத்துக்குள்ளை நிண்டவ. அறிவித்தல் முடியமுதல் ஓடி வந்தவ. ஓடின ஓட்டத்திலை செருப்பையும் விட்டிட்டு வந்தவ. நான் கண்ணாலை கண்டனான். தகப்பன் வெளிநாட்டிலை உழைக்கிறார். பிள்ளை அவரைப் போனிலைதான் பாக்கிறது. பிள்ளை இரண்டும் உண்மைதான் சொன்னது. பாட்டைக் கேளுங்கோ, ஆடுங்கோ, எனக்குச் சந்தோசம். தாயைப் பேசாதேங்கோ. நன்றி."

செருப்பை விட்டுவிட்டு வந்த விசயம் எனக்கும் அப்போதுதான் தெரியும்.

வீடியோவைப் போட்டேன். பாட்டைப் பார்த்தவர்களில் ஒரு சிறு பங்குகூட இதைப் பார்க்கவில்லை. இணையத்தில் சிரிப்பு ஓடுகிற வேகத்துக்கு விளக்கம் ஓடாது. பார்த்தவர்களிலும் முதலில் வந்தவர்கள் ஸ்டெப்ளரைத்தான் கண்டார்கள். "தாத்தா பின் அடிக்கப் போறார், விலகுங்கோ" என்று ஒருவர் எழுதினார். அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். "உது நல்ல பகிடி" என்றார்.

இரண்டு மூன்று நாள் போக, வேறு விதமாகவும் எழுதத் தொடங்கினார்கள். பெரும்பாலும் பெண்கள். என்ரை மகனும் போனைத்தான் அப்பா எண்டு கொஞ்சுறவன் என்று ஒருத்தி. எங்கடை வீட்டிலை அப்பா வந்து இறங்கினவுடனை பிள்ளை பயந்து, போனிலை இருக்கிற அப்பாதான் வேணும் எண்டு அழுதது என்று இன்னொருத்தி. எந்த ஊர், எந்த நாடு என்று தெரியாது. கடையைப் பூட்ட மனமில்லாமல் இருந்து வாசித்தேன்.

கட்டாரில் இருந்த தகப்பனும் பார்த்திருக்கிறார். லண்டனில் இருக்கிற தன் அக்கா படங்கள் போட்ட அதே குடும்பக் குழுவில் அண்ணையின் வீடியோவைப் போட்டு, கீழே ஒரு சொல்லும் எழுதாமல் விட்டாராம். இதை எனக்குச் சொன்னது அந்தப் பெண்ணின் மாமியார். ஒரு நாள் பஸ்ஸில் வந்து இறங்கி, நேரே கடைக்கு வந்தார்.

"பிள்ளை, ஒரு மனுசன் ஸ்டெப்ளரைப் பிடிச்சுக் கதைக்குமே, அதை என்ரை போனிலை ஏத்தி விடும். என்ரை தங்கச்சிக்குக் காட்டவேணும். அவளும் கண்டபடி கதைச்சுக்கொண்டு திரியிறாள்."

ஏற்றிக் கொடுத்தேன். போகும்போது வாசலில் நின்று, "பெருநாள் அண்டைக்குக் காலிலை முள்ளுக் குத்தினது எண்டு மருமகள் நொண்டினவள். எப்பிடிக் குத்தினதெண்டு நானும் கேக்கேல்லை, அவளும் சொல்லேல்லை" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பஸ் வருகிற பக்கத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஐஸ்கிறீம் பாட்டின் காலம் அதற்குள் முடிந்துகொண்டு வந்தது. வேறு ஒன்று வந்துவிட்டது, கிளி ஒன்று தும்முகிற மாதிரி ஒரு சத்தத்தை வைத்து. அண்ணை இந்த வருடப் பெருநாளிலும் அறிவித்தார். "இப்ப வாயைத் திறக்கமுதல் ஆர் ஆர் போன் தூக்கியிருக்கினம் எண்டு ஒருக்கால் பாக்கிறன் தங்கச்சி. அது முந்தி இல்லாத பழக்கம்" என்று என்னிடம் சொன்னார். பகிடி விடுவதை அவர் நிறுத்தவில்லை. பிள்ளைகளைப் பற்றி விடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

போன மாதம் அந்தத் தாய் முன்பள்ளிக்கு ஏதோ பிரதி எடுக்க மகளோடு வந்திருந்தாள். நான் அந்தக் கிளிப் பாட்டைப் போட்டிருந்தேன். சின்னவள் முதலில் தலையை ஆட்டினாள், பிறகு தோளை, பிறகு முழுசாக ஆடத் தொடங்கிவிட்டாள். கிளி தும்முகிற இடம் வந்ததும் தானும் தும்மிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். தாய் போனை எடுத்துப் பிடித்தாள்.

"ஸ்டேட்டஸிலை போடப்போறீரோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. அவருக்கு மட்டும்."

அனுப்பிவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கட்டாரில் அது வேலை நேரம். பதில் வரச் சுணங்கும் என்று இருவருக்கும் தெரியும். நான் பாட்டைத் திரும்பவும் முதலில் இருந்து போட்டேன், சின்னவள் இன்னும் ஆடி முடிக்கவில்லை.