சூடேறாத டயர்

அலுவலகத்தில் அவளைச் சோப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் கணக்குப் போட்டுக் கொடுத்த முதல் கார், ஓட்டிப் பார்த்த அத்தனை பேரையும் முதல் திருப்பத்திலேயே புல்லில் கொண்டுபோய்ச் சேர்த்தது. "என்னம்மா, ரோட்டுல சோப்புத் தண்ணி ஊத்தி வச்சிருக்கியா?" என்று முதலாளி கேட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. "பேருதான் சோப்பு, யாருக்கும் சோப்புப் போடத் தெரியாது" என்று சத்தக்காரன் சிரிப்பான். என்ஜின் ஓசைகளைச் சேர்ப்பது அவன் வேலை. அவனுக்கும் பெயர் அப்படித்தான் வந்தது.

கணினி விளையாட்டில் ஓட்டும் பந்தயக் கார்களுக்கு டயர் ரோட்டை எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கணக்கிடுவது அவள் வேலை. அதிலும் பழைய காலத்து நெடும்பந்தயக் கார்கள், பகலும் இரவும் நிற்காமல் ஓடியவை. பிடிப்பு கொஞ்சம் கூடினால் ஆடுகிறவர்கள் பொம்மை வண்டி என்று திட்டுவார்கள். குறைந்தால் பனிக்கட்டியில் ஓட்டுகிறோமா என்று திட்டுவார்கள். அந்த டயர்களைத் தொட்டுப் பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் எது நிஜம் என்று ஆளாளுக்குத் தெரிந்திருந்தது, அவளைத் தவிர. அவள் ஒரு நாளும் நிஜக் காரை ஓட்டியதில்லை.

அம்மாவுக்கு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் இவள்தான் என்பதில் அம்மாவுக்கு ஏகப் பெருமை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள்.

"ஓடாத வண்டிக்கு எதுக்குடி டயரு?"

"ஓடுற மாதிரி இருக்கணும்லம்மா."

"மாதிரிக்கா சம்பளம் குடுக்கறாங்க?"

அந்தக் கேள்வி அவளுக்குள்ளேயே தங்கிவிட்டது. ஒவ்வொரு எண்ணைத் தட்டும்போதும், இது நிஜமா, நிஜம் மாதிரியா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். இடம் மாறி வந்து உட்கார்ந்துவிட்டாய், எழுந்திரு என்று பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்டப்போகிறார்கள் என்ற நினைப்பும் அவளை விட்டுப் போகவில்லை.

ஒரு பழைய வெள்ளைப் பந்தயக் கார் அவள் கணக்குக்கு வந்தது இந்த நிலைமையில்தான். அதன் சொந்தக்காரம்மா மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா பந்தய ஓட்டி. அந்த அம்மா சிறு பிள்ளையாக இருந்தபோது, ஒரு நெடும்பந்தயத்தில், பொழுது சாயும் நேரம், வண்டிகள் டயர் மாற்ற நிற்கும் இடத்திலிருந்து கிளம்பி, அதை அடுத்த வளைவிலேயே தடம் விலகிச் சுவரில் மோதி இறந்துபோனார். அவர் ஓட்டிய வண்டி நொறுங்கிவிட்டது. அதன் ஜோடிதான் இந்த வெள்ளை வண்டி, அந்த அம்மாவின் கொட்டகையில் நின்றது. கூரை மேலிருந்து யாரோ எடுத்த படச்சுருள் ஒன்றும் இருந்தது. வண்டி கிளம்புவதும் வளைவில் விலகுவதும் அதில் தெளிவாகத் தெரிந்தன. வண்டியை அளக்கவும் படத்தைப் பயன்படுத்தவும் அந்த அம்மா விட்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு.

"அந்தக் கடைசி ஓட்டத்த எனக்குக் காட்டணும்மா. அப்பா தூங்கிட்டேதான் போனாருன்னு எங்கம்மா சொல்வாங்க. வலியே தெரிஞ்சிருக்காதுன்னு. அத நம்பித்தான் அவங்க காலம் ஓடிச்சு, என் காலமும் ஓடிச்சு. ஒரு தடவ கண்ணால பாத்துட்டா போதும்."

"பாத்துடலாம்மா, அதுக்கென்ன" என்றார் முதலாளி.

இந்த விளையாட்டில் முன்பு ஓடிய ஓட்டத்தை மறுபடி ஓடவிடலாம். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் கார் ஒன்று, ஓட்டுபவர் இல்லாமல் அதே தடத்தில் போகும். ஆவி வண்டி என்பார்கள். அது ஓடும்போது, ஓட்டிப் பார்க்கும் அறையிலிருக்கும் இருக்கையில் யாரும் இல்லாவிட்டாலும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். உள்ளே மோட்டார் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் பெருக்க வரும் அக்கா அந்த அறைக்குள் விளக்குமாற்றை மட்டும் நீட்டிப் பெருக்கிவிட்டுப் போவார்.

சோப்பு படச்சுருளிலிருந்து வண்டி போன தடத்தை எடுத்துக் கணினியில் ஏற்றினாள். இந்தத் தடத்தில் போக வேண்டுமானால் கைகள் என்ன செய்திருக்க வேண்டும் என்று கணினியே கண்டுபிடிக்கும். ஓடவிட்டாள். ஆவி வண்டி கிளம்பியது. வளைவு வந்தது. ஸ்டியரிங் அசையவில்லை. வண்டி நேராகப் போய்ச் சுவரில் மறைந்தது.

"தூங்கிட்டாருப்பா" என்றார் முதலாளி, இறந்தவருக்கு வருத்தமும் தனக்கு நிம்மதியுமாக. "அந்தம்மாவ வரச் சொல்லு."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கிளம்புவதற்குச் சற்று முன் நான்கு டயரையும் கழற்றிப் புதிது மாட்டுகிறார்கள். புது டயர். வெளிக்காற்றில் சில்லென்று கிடந்த டயர்.

விளையாட்டில் டயர் மாற்றிக் கிளம்பும் எந்த வண்டிக்கும் டயர் சூடாகவே இருக்கும். சூடேறாத டயர் வழுக்கும். ஆட வருகிறவர்கள் கத்துவார்கள். அதற்காகவே டயரைச் சூடாக வைக்க ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். எப்போதும் போட்டே வைத்திருப்பது அவர்கள் பழக்கம், அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகும் அளவுக்கு. அந்தக் காலத்தில் யார் டயரைச் சூடாக்கிக் கொடுத்தார்கள்?

சுவிட்சை அணைத்தாள். மறுபடி ஓடவிட்டாள்.

அதே படம், அதே தடம். வளைவு வருவதற்கு முன்பே ஸ்டியரிங் லேசாகத் திரும்பியது. வண்டி கேட்கவில்லை. சட்டென்று எதிர்ப்பக்கம் போனது, திரும்பி வந்தது, நடுங்கியது, மறுபடி முழு மூச்சாகத் திரும்பியது. காலி இருக்கைக்கு முன்னால், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பது போல. சுவர் வரும்வரை அது ஓயவில்லை. பிறகு மோட்டார் முனகல் நின்றது. தான் அறைச் சுவரோடு ஒட்டி நிற்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பிடிப்பு இருந்தால் அந்த மனிதர் தூங்கியிருக்கிறார். பிடிப்பு இல்லையென்றால் கடைசி நொடிவரை விழித்திருந்து போராடியிருக்கிறார். நடுவில் இருப்பது ஒரு சுவிட்ச். அது இவள் விரலடியில்.

அன்றிலிருந்து அந்த அறைக்குள் நுழையும்போது இருக்கையைப் பார்த்து லேசாகத் தலையசைக்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. சத்தக்காரன் அதைப் பார்த்துவிட்டான்.

"யாருக்கு வணக்கம்?"

"சும்மா இருடா."

கிண்டல் செய்வான் என்று பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "நேத்து நான் ஸ்டியரிங்க துண்டு போட்டு மூடிட்டுப் போனேன்" என்றான் மெதுவாக. "காலையில துண்டு மடிச்சு வச்சிருந்துச்சு. நீதானே?"

அவளில்லை. ஆனாலும் ஆமாம் என்றாள்.

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னாள். "அவங்க கேக்கறத காட்டிடும்மா. கணக்குக்கு என்ன, நீ சொல்றதத்தானே கேக்கும்" என்றார். வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தவில்லை.

"எங்க ஆஸ்பத்திரில, தூக்கத்துலயே போயிட்டாருன்னு சொல்லாத வீடே கிடையாதுடி. விரிப்பு எங்ககிட்ட வரும்ல. பிடிச்சுக் கசக்கின கசக்கல் இஸ்திரி போட்டாலும் போகாது."

"அப்ப நீ என்னம்மா பண்ணுவ?"

"நான் என்ன பண்றது? துவைப்பேன். யார்கிட்டயும் போய்ச் சொன்னதில்ல."

அந்த அம்மா வந்தது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. நல்ல புடவையில், கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல. முதலாளி நாற்காலி போட்டார். அவரோ நேராக ஓட்டும் இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

"இதுல கை வைக்கலாமா?"

"வேணாம்மா, திரும்பும்..." என்றாள் சோப்பு.

"தூங்கினவர் கையிதானே. என்ன பண்ணிடப் போகுது?" என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சோப்பு கணினி முன்னால் நின்றாள். சொல்ல நான் யார், சொல்லாமல் விட நான் யார் என்று இரண்டும் ஒரே நேரத்தில் மனதில் ஓடின. கடைசியில் தன் அம்மா துவைத்த விரிப்புகள்தான் ஞாபகம் வந்தன. சுவிட்சைப் போட்டாள். டயர் சூடு என்று திரையில் பச்சையாக எரிந்தது. ஒரு தடவைக்கு இரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு ஓடவிட்டாள்.

ஆவி வண்டி கிளம்பியது. திரையின் அந்தி வெளிச்சம் அந்த அம்மாவின் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. ஸ்டியரிங் அசையாமல் இருந்தது. வளைவு நெருங்கியது. அவர் உதட்டில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

அப்போது ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பியது.

அந்த அம்மாவின் முழங்கைகளைத் தூக்கிப் போட்டது. எதிர்ப்பக்கம் போனது, திரும்பி வந்தது, நடுங்கியது. சோப்பு திரையைப் பார்த்தாள். பச்சை எரிந்துகொண்டுதான் இருந்தது. கை நீட்டி நிறுத்தப் போனாள், விரல் மரத்துப்போயிருந்தது.

"இது தூங்குற கையில்ல" என்றார் அந்த அம்மா. "இது தூங்குற கையே இல்ல."

விட்டுவிடுவார் என்று பார்த்தால் அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். வளையல்கள் கலகலத்தன. தோளைக் கொடுத்து, அது திரும்பிய பக்கமெல்லாம் கூடவே இழுத்தார். சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்போது அவர் குரல் சின்னப் பிள்ளைக் குரலாகிவிட்டது.

"போதும்ப்பா. விட்டுடுங்க. நான் பிடிச்சிட்டிருக்கேன். நீங்க தூங்குங்கப்பா."

ஸ்டியரிங் நின்றது. வண்டி இன்னும் தார் ரோட்டில்தான் இருந்தது. படம் முடியக் கொஞ்சம் பாக்கி இருந்தது. அந்தப் பாக்கித் தூரம் முழுக்க அது அசையாமல், இழுபறி இல்லாமல், அவர் கைக்குள் அடங்கிப் போனது.

"ஒயரு ஏதாச்சும் லூஸா இருக்கும்" என்று சத்தக்காரன் வாசலிலிருந்து சொன்னான், தனக்கே சொல்லிக்கொள்வது போல. ஒயரைப் பார்க்க உள்ளே வரவில்லை.

வெகுநேரம் கழித்து அந்த அம்மா கைகளை எடுத்தார். உள்ளங்கைகள் சிவந்திருந்தன.

"இவ்வளவு நாளா அவர தூங்கினவர்னு சொல்லி வச்சிருந்தோம்" என்றார். பிறகு சோப்பைப் பார்த்தார். "கண்ணு, இத வெளியில விடும்போது இப்படியே விடு. அவர் முழிச்சிட்டிருந்தாரு. ஓட்டுறவங்களுக்குத் தெரியட்டும்."

"சரிங்கம்மா" என்றாள் அவள். சரியா, தப்பா என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் போனபின் சுவிட்சை அணைத்தாள். அது அதுவரை போட்டபடியேதான் இருந்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எப்படி என்று கேட்பார்கள். அதற்கு அவளிடம் கணக்கு இல்லை.