மீசை இல்லாத அப்பா

டாக்சி ஃப்ரீமான்ட்டில் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது வாசலுக்கு வாசல் எலும்புக்கூடு தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் புல்தரையில் நாலைந்து கல்லறைகள், ஒன்றிலிருந்து ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சென்னையில் அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடித்த கையோடு ஃப்ளைட் ஏறியவன் நான். பொட்டுத் தூக்கம் இல்லை. எங்கே வந்து இறங்கியிருக்கிறேன் என்றே ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. அப்புறம்தான் உறைத்தது, இன்றைக்கு ஹாலோவீன், அமெரிக்காவில் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கும் நாள்.

கதவைத் திறந்துகொண்டு என் மகள், நாலு வயசுக்காரி, "அப்பா!" என்று கத்தியபடி ஓடிவந்தாள். குனிந்து தூக்கலாம் என்று தொப்பியைக் கழற்றினேன். அவ்வளவுதான். முகம் கோண, வீல் என்று அலறிக்கொண்டு அம்மாவின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

தலை மொட்டை. மீசையும் இல்லை. மூத்த பிள்ளை, காரியத்தன்று எடுத்தாக வேண்டும், எடுத்துவிட்டேன். மீசை இல்லாத என் முகத்தை, மகளோடு இங்கேயே இருந்துவிட்ட மனைவியே இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

"அப்பாதாண்டி செல்லம், நல்லாப் பாரு."

"நோ! தட்ஸ் நாட் அப்பா!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலையில்தான் பக்கத்து வீட்டு எலும்புக்கூட்டுக்குக் கைகொடுத்துப் பேர் வைத்துவிட்டு வந்தாளாம். மண்டையோட்டோடு சிநேகிதம், பெற்ற அப்பனைப் பார்த்தால் பயமா? என்ன அநியாயம் இது! பதினெட்டு மணி நேரமும் அவளை ஒரு தடவை இறுக்கிக் கட்டிக்கொண்டால் போதும் என்றுதான் ஃப்ளைட்டில் உட்கார்ந்திருந்தேன். குளித்துவிட்டு வந்தேன், சட்டையை மாற்றினேன், கொஞ்சிப் பார்த்தேன். சோஃபாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்து மறுபடி அழுகை.

கண்ணாடி முன்னால் நின்றேன். அவளைச் சொல்லி என்ன? ஐஸ் பெட்டிக்குள் அப்பா கிடந்தபோது தாடையைச் சுற்றித் துணி கட்டி, மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். "கிட்டப் போயி முகத்தைப் பாருப்பா" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பார்த்தேன். இது யார் என்று இருந்தது. கால் முன்னே வரவில்லை. பேய்ப்படம் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள் நான், பெற்ற அப்பாவைப் பார்த்து ஏன் பயந்தேன்? முன்பின் தெரியாத உருவம் பயமுறுத்தாதோ, தெரிந்த முகம் கொஞ்சம் மாறினால்தான் குலை நடுங்குமோ? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சாயங்காலம் புதுக் குழப்பம். ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ஹாலோவீன் பண்டிகையில் சேர்த்தியா, இல்லையா? இதை எந்த ஐயரிடம் போய்க் கேட்பது? மனைவியைக் கேட்டேன்.

"பேய்க்கு ஏதுங்க தீட்டு? ஒன் வீக்கா அந்த காஸ்ட்யூமைப் போட்டுப் போட்டுப் பார்த்துட்டிருக்கா. கேன்சல் பண்ணா தாங்க மாட்டா. நீங்களும் வாங்க."

"நான் வந்தா அவ எங்க வருவா?"

அவள் யோசித்தாள். உள்ளே போய் ஒரு ரப்பர் முகமூடியோடு வந்தாள். பச்சை மூஞ்சி, வாய்க்கு வெளியே கோரைப்பல். "இதைப் போட்டுக்குங்க. வாயைத் திறக்காதீங்க, அது போதும்."

பட்டாம்பூச்சி இறக்கையோடு மாடியிலிருந்து இறங்கி வந்த மகள் என்னைப் பார்த்தாள். "ஹாய், மான்ஸ்டர்!" என்றாள். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீடு வீடாகப் போனோம். மனைவி மிட்டாய் வாளியோடு முன்னால், நாங்கள் இருவரும் பின்னால். மகள் கையில் பிசுபிசுவென்று சாக்லேட். அந்தச் சின்னக் கை என் விரலை விடவே இல்லை. சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இந்தப் பச்சை மூஞ்சிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையே! சுடுகாட்டில்கூட அழாதவன், ரப்பருக்குள் அழ ஆரம்பித்தேன். துடைத்துக்கொள்ளவும் வழியில்லை.

தெருமுனையில் கால் வலிக்கிறது என்று கையைத் தூக்கினாள். தூக்கிக்கொண்டேன். தோளில் சாய்ந்து, ரகசியம்போல என் காதோரம் கேட்டாள்.

"மான்ஸ்டர், வென் இஸ் மை அப்பா கமிங் ஹோம்?"

வாயைத் திறக்கக் கூடாது என்பதே மறந்துபோயிற்று.

"தெரியலடா கண்ணு" என்றேன்.

தலையை வெடுக்கென்று தூக்கினாள். முகமூடியையே பார்த்தாள். பிறகு பயந்து பயந்து, கண் ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டாள். விரல் ஈரமானது.

"அப்பா?" என்றாள்.

முகமூடியைக் கழற்றுவதா, வேண்டாமா என்று தெரியாமல் அவளைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.