புது டயரைச் சீவிய கலைவாணன்

முத்தியால்பேட்டையில் கலைவாணனின் டயர் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் காரணம் ஒன்றுதான்: புது டயர் வாங்க மனசில்லை, அல்லது காசில்லை. பட்டன் என்கிற மேல்வரி தேய்ந்து வழுக்கையான டயரை மெஷினில் சுற்றவிட்டு, மேலே மிச்சமிருப்பதைச் சுரண்டி எடுத்து, புது ரப்பர்ப் பட்டை ஒட்டி, வேகவைத்துக் கொடுப்பார். பள்ளிக்கூட வேன், மீன் வண்டி, தண்ணீர் லாரி என்று இருபத்திரண்டு வருடத் தொழில். ஊரில் சிக்கனத்துக்கு அவரளவு மரியாதை கொடுத்தவர் எவருமில்லை. அப்படிப்பட்டவருக்கு வாய்த்த பொழுதுபோக்கு கார் பந்தயம்.

பந்தயம் என்றால் தொலைக்காட்சியில் வருவது அல்ல. புதுச்சேரியில் பதினாலு பேர் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருந்தார்கள். வருடத்துக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமை, சென்னைப் பக்கம் ஓர் ஓடுதளத்தை வாடகைக்கு எடுத்து, சொந்தப் பணத்தில் சொந்த வண்டியைச் சொந்தமாகக் கெடுத்துக்கொள்வார்கள். பரிசு ஒரு கோப்பை. அதன் அடிப்பாகத்தில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு பாதி கிழிந்த நிலையில் இருக்கும்.

கலைவாணனிடம் ஒரு பழைய ஸ்விஃப்ட் இருந்தது. கோப்பைக்கு அவர் ஆசைப்பட்டதில்லை. ஐந்து பந்தயத்தையும் ஒரே வருடத்தில் ஓடி முடிக்க வேண்டும், அவ்வளவுதான். எட்டு வருடமாக அது நடக்கவில்லை. மற்றவர்கள் வெளிநாட்டு டயர் போட்டார்கள், ஒன்று பதினைந்தாயிரம், இரண்டு பந்தயம் ஓடினால் குப்பைக்குப் போகும். அவரும் கடன் வாங்காத குறையாக ஒரு செட் போடுவார். மூன்றாவது ஞாயிறு அவர் வண்டி பட்டறையிலேயே நிற்கும்.

எனவே போன வருடக் கூட்டத்தில் அவர் ஒரு விதியை எழுதிக் கொண்டுபோனார். எல்லோருக்கும் ஒரே டயர், சாலையில் ஓடும் சாதாரண உள்நாட்டு டயர், ஐயாயிரத்துச் சொச்சம். எழுதியவர் டயர்க்காரர் அல்லவா, கூடவே ஒரு கருணை வாசகமும் சேர்த்தார்: பட்டன் ஆழம் எந்த இடத்திலும் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாத வரை, எவ்வளவு தேய்ந்த டயரையும் யாரும் மறுக்கக் கூடாது. தேய்ந்த டயர் என்றால் இல்லாதவன் டயர். அவர் அனுபவத்தில் அதற்கு வேறு பொருள் கிடையாது.

செயலாளர் ஹரிகிருஷ்ணன் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். விதிப்புத்தகத்தை ‘ரெக்லமான்’ என்றுதான் சொல்வார். அவருக்கு விதி மிகவும் பிடித்துப்போனது. ஏமாற்று நடக்காமலிருக்க ஒவ்வொரு டயரிலும் கிளப் முத்திரை சுட வேண்டும் என்று ஒரு திருத்தம் சொன்னார். முத்திரை அவரிடமே இருக்கும். ஆகவே டயரும் அவரிடமே வாங்க வேண்டும். விலை ஆறாயிரத்து நானூறு ஆனது. நியாயத்துக்குச் செலவு உண்டு என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கலைவாணனும் தட்டினார்.

முதல் பந்தயத்தில் எல்லோரும் சமம். அப்படி ஒன்று நடந்ததை இப்போது யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவதற்கு ஒரு வாரம் முன்பு கிளப் உறுப்பினர் கோபிநாத் பட்டறைக்கு வந்தார். இரண்டு ஓட்டலும் ஒரு மதுக்கடையும் உடையவர். பேச்சில் பணக்காரத்தனம் கிடையாது, செலவில்தான். வண்டியிலிருந்து எட்டுப் புது டயர் இறங்கியது.

“கலையண்ணே, இத கொஞ்சம் சீவிக் குடுங்க.”

“புதுசாச்சே கோபி. எதுக்கு சீவணும்?”

“பட்டன் எட்டு மில்லி இருக்கு. நாலுக்குக் கொண்டாந்துடுங்க.”

“ஓட்டுனா தானா தேயுது. ஆறு மாசம் பொறுத்தா ஓசியிலயே ஆயிடும்.”

“பொறுக்கத்தான் நேரமில்லண்ணே. ஒன்னுக்கு முந்நூத்தம்பது தரேன்.”

கலைவாணன் சீவினார். அவர் தொழிலின் முதல் பாதி அது. இரண்டாம் பாதியை வேண்டாமென்று சொன்ன முதல் வாடிக்கையாளர் கோபிநாத். எட்டு டயரின் புது ரப்பர் கருப்புத் துருவலாகத் தரையில் குவிந்தது. சாப்பாடு கொண்டுவந்த மனைவி சுமலதா அதைப் பார்த்தாள்.

“ஏங்க, என்னா இது? புது டயரு மாதிரி வாசன அடிக்குது.”

“புது டயருதான்.”

“புதுச எதுக்கு செரைக்கிறீங்க?”

“கேட்டாங்க.”

“கேட்டா வீட்டு ஓட்டக்கூட பிரிச்சுக் குடுப்பீங்க.”

பணக்காரக் கிறுக்கு என்றுதான் அவர் நினைத்தார். ஞாயிறன்று தெளிந்தது. தடித்த பட்டன் வளைவில் நெளியும், சூடேறும், பிடியை விடும். பாதி தேய்ந்தது கெட்டியாக நிற்கும். கோபிநாத் ஒரு சுற்றுக்கு இரண்டு விநாடி முன்னால் போனார். இருபத்திரண்டு வருடம் டயரைத் தொட்டவருக்கு இது தெரியாதா என்றால், தெரியும். நல்ல ரப்பரைச் சுரண்டி எறியக் காசு கொடுப்பான் ஒருவன் என்பதுதான் தெரியாது.

மூன்றாவது பந்தயத்துக்குப் பட்டறையில் முப்பத்தாறு டயர் வரிசையில் நின்றது. செயலாளரின் டயரும் அதில் உண்டு. சிக்கனத்துக்காக எழுதிய விதியின் கீழ் ஆளுக்கு ஒரு வருடத்தில் ஐந்து செட், ஆறு செட் என்று ஆனது. வெளிநாட்டு டயர் காலத்தில் ஆன செலவை அது ஏறக்குறைய எட்டிப்பிடித்தது. கலைவாணன் மட்டும் தன் டயரைச் சீவவில்லை. சீவினால் வேகம் வரும், ஆயுள் போகும். ஒரே செட், அது ஐந்து ஞாயிறு தாங்க வேண்டும். எனவே மற்றவர்களைச் சீவி வேகமாக்கிவிட்டு, அந்தக் கூலியில் நுழைவுக் கட்டணம் கட்டி, அவர்களுக்குப் பின்னால் கடைசியில் வந்தார்.

நான்கு ஞாயிறு ஓடிவிட்டார். ஐந்தாவது அன்று காலை, பரிசோதனை மேசையில் ஆழம் அளக்கும் கம்பியோடு ஹரிகிருஷ்ணன் குனிந்தார்.

“முன்பக்கம் ரெண்டும் ஓரத்துல ஒன்னு புள்ளி ரெண்டு. ஆகாதுப்பா.”

“சார், நடுவுல மூணு இருக்கு பாருங்க.”

“எந்த இடத்திலும்னு போட்டிருக்கே. ரெக்லமான் நீ எழுதினதுதானே?”

இதில் வாதாட இடமில்லை. மெஷினில் சீவிய டயர் தட்டுப்போலச் சமமாக இருக்கும். உண்மையாக ஓடித் தேய்ந்த டயர்தான் ஓரத்தில் தேயும். இல்லாதவனுக்காக எழுதிய வாசகம் அந்தப் பதினாலு பேரில் இல்லாதவனை மட்டும் பிடித்தது.

“புதுசு வண்டியில வச்சிருக்கேன்,” என்றார் ஹரிகிருஷ்ணன். “இங்க வெல ஏழாயிரம். ஏத்துக்கூலி இருக்குல்ல.”

கலைவாணனிடம் டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமே இருந்தது. இன்றைக்கு ஓடாவிட்டால் ஒன்பதாவது வருடமும் போயிற்று. அப்போது கோபிநாத் தன் கூடாரத்திலிருந்து இரண்டு டயரை உருட்டிக்கொண்டு வந்தார்.

“இது போன ரேஸ்ல போட்டதுண்ணே. எனக்கு வேணாம். நீங்க சீவுனதுதான், சுத்தமா இருக்கும்.”

“எவ்ளோ?”

“தூக்கிப் போடறதுக்கு என்னாண்ணே வெல?”

வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து வீடு திரும்பியிருந்தால் எழுதுகிறவனுக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் வாங்கி மாட்டினார். ஓடினார். ஐந்தாவதாக வந்தார், பத்தாவது இடத்துக்கு முன்னால் வந்தது வாழ்க்கையில் அன்றுதான். வண்டி சொன்ன இடத்தில் திரும்பியது, கேட்ட இடத்தில் நின்றது. தோற்றிருந்தால்கூட இவ்வளவு கசந்திருக்காது.

“ஜெயிச்சீங்களா?” என்றாள் வீட்டில் சுமலதா.

“அஞ்சாவது.”

“அப்ப எதுக்கு இந்த மூஞ்சி?”

“டயரு நல்லாயிருந்துச்சு.”

ஆண்டுக் கூட்டத்தில் அவர் எழுந்து, டயரைச் சீவக் கூடாது என்று புது விதி கொண்டுவந்தார். சீவும் கூலியால் வருடம் முழுக்க ஓடியவர், சீவிய டயரால் ஐந்தாவது வந்தவர் என்று யாராவது சொல்லிக் காட்டுவார்கள் என்று பதிலோடு தயாராகப் போயிருந்தார். யாரும் சொல்லவில்லை. கோபிநாத் முதல் ஆளாக வழிமொழிந்தார். “அண்ணன் சொல்றதுதான் நியாயம். டயரு ரோட்டுலதான் தேயணும்.” ஒருமனதாக நிறைவேறியது. எதிர்ப்பில்லாமல் நிறைவேறும் விதியைக் கண்டு சந்தேகப்பட வேண்டும் என்ற அறிவு அன்று அந்த அறையில் பலருக்கும் இல்லை. இருந்தவர்கள் கை தூக்கிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு டாக்ஸி பட்டறைக்கு வந்தது. ஓட்டியவர் கனகசெட்டிக்குளத்து நாகராஜ். புதுச்சேரிக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் தினம் போய்வருகிறவர்.

“அண்ணே, அலைன்மென்ட் பாக்கணும். நாலும் ஒரே சீரா தேயணுமாம்.”

“தேயாம இருக்கத்தான் எல்லாரும் கேப்பாங்க. யாரு தேயணும்னது?”

“கோபி சாரு. டயரு அவரோடது. சும்மா குடுத்திருக்காரு, பாதி தேஞ்சதும் திருப்பிக் குடுக்கணும். கிலோமீட்டருக்கு எம்பது பைசா வேற தராரு.”

கலைவாணன் உட்கார்ந்து பார்த்தார். பக்கச் சுவரில் கிளப் முத்திரை பளிச்சென்று இருந்தது. விதியில் ஓட்டை இல்லை. சீவவில்லை, ரோட்டில்தான் தேய்கிறது.

சக்கரத்தை அரைப் பாகை கோணலாக வைத்தால் போதும். ஒரு மாதத்தில் உள்ளோரம் தின்றுவிடும். பரிசோதனைக் கம்பி மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஸ்பேனர் கையில் இருந்தது. ஆனால் வண்டியில் தினம் ஏறி இறங்குகிறவர்கள் கோபிநாத் அல்ல. நூல் பிடித்தாற்போல நேராக வைத்தார்.

“உங்க ஸ்டேண்டுல எத்தன வண்டி இப்படி ஓடுது?”

“கோபி சாருக்கு அஞ்சுண்ணே.”

கலைவாணன் கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஆறாவதா எதுனா வண்டி சும்மா இருக்கா?”

“இருந்துச்சு. அதுல ஹரி சாரு டயரு மாட்டிட்டாரு, போன திங்கக்கெழம.”

கலைவாணன் வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து, ஏழாவது வண்டியைப் பற்றிக் கேட்டார்.