நீலச் சோக்குக் கோடு

2022 ஆடி அமாவாசைக்கு மறுநாள் விதுர்ஷா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். இலங்கையில் பெற்றோல் இல்லாத நாட்கள். பனிச்சங்கேணியில் மூன்று மணி நேரம் நின்ற பிறகே பஸ் வந்தது. தாய் வாசலோடு நின்றுவிட்டாள். பஸ் ஏற்ற வந்தவள் தையல்கடை மங்கையற்கரசி.

“நிலவு, பாலைவனம் எண்டு எழுதி அனுப்பினா வாசிக்கமாட்டன், சொல்லிப்போட்டன்.”

“அப்ப என்னத்த எழுதுற, அக்கா?”

“நடக்கிறத எழுது மனே.”

மங்கைக்கு நாற்பத்தெட்டு வயது. தனிக்கட்டை. எட்டாம் வகுப்போடு நின்றவள். கைக்குக் கிடைக்கும் புதுக்கவிதைகளை எல்லாம் வாசிப்பாள். துணியில் கோடு போடும் நீலச் சோக்கால் வேண்டாத வரிகளைக் கீறிவிடுவாள். டவுனிலிருந்து வந்த கவிஞர் ஒருவர் தன் தொகுதியைத் தந்து அபிப்பிராயம் கேட்டார். “அழுகை கிடக்கு, அழுற ஆளக் காணல்ல” என்றாள். அவர் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. விதுர்ஷா மட்டும் கீறக் கீறத் தன் கவிதைகளைக் கொண்டுவந்தாள்.

குவைத்திலிருந்து கவிதைகள் வாட்ஸ்அப்பில் வந்தன. மங்கை குரல்பதிவில் பதில் சொன்னாள். “ஒட்டகம் உனக்கு என்னத்துக்கு கா? கோப்பை கழுவுற கையப் பத்தி எழுது.”

மார்கழியில் இது வந்தது:

கதவு வெளியால் பூட்டு.
ரொட்டி ஒன்று, பின்னேரம்.
இடக்கையில் அயன்பெட்டி வைத்த இடம்
மணக்கிறது.

மங்கை மெஷினை நிறுத்தி இரண்டுதரம் வாசித்தாள். “இதுதான் மனே கவிதை! ஒரு சொல்லும் பொய்யில்ல. கடைசிச் சொல்ல மட்டும் எடுத்துப்போடு, அது கூடிப்போச்சு.”

குரல்பதிவை விதுர்ஷா கேட்டதற்கு அடையாளம் விழுந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

தை முடிய விதுர்ஷாவின் தாய் கடைக்கு வந்தாள். “உன்னோட கதைச்சவளா?”

“கதைக்கல்ல. ஆனா நல்லா எழுதுறாள், கேள்” என்று மங்கை வாசித்துக் காட்டினாள்.

தாய்க்கு எழுத்துத் தெரியாது, கவிதையும் தெரியாது. மூன்றாவது வரியில், “ஐயோ, என்ர புள்ளயச் சுட்டுட்டாளுகள்!” என்று நிலத்தில் விழுந்தாள்.

அன்றே இருவரும் ஏஜென்சிக்கு ஓடினார்கள். பிறகு பொலிசுக்கு, கொழும்புக்கு. விதுர்ஷாவின் நம்பர் வேலை செய்யவில்லை. அந்த வீட்டுக்காரர் இடம் மாறிவிட்டார்களாம். மங்கையின் சோக்கு அதற்குப் பிறகு துணியை விட்டு வேறெதிலும் படவில்லை.

பதினான்கு மாதம் கழித்து, தெரியாத நம்பரிலிருந்து வந்தது:

“அக்கா, கட்டுநாயக்கா எயாப்போட்டில இறங்கிட்டன். இடக்கை விரல் மடங்குதில்ல. அண்டைக்கு உங்கட குரல நாலுதரம் கேட்டன், ஆரையாவது அனுப்புறன் எண்டு சொல்லியிருப்பீங்களோ எண்டு.”