முதலில் காணப்பட்ட நாள்

எங்கள் ரப்பர் தோட்டம் செம்பனைக்கு மாறி, தொழிலாளர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்ட பிறகு, அங்கிருந்த நாங்கள் மலேசியாவின் புந்தோங், சிம்பாங் பூலாய், பாகான் டத்தோ என்று பிரிந்துபோனோம். இப்போது ஒன்றாக இருப்பது ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான். பிறப்பு, இறப்பு, திருமணம் எதுவானாலும் நாளும் கிழமையுமாகக் குறித்து வைப்பவன் நான். அதனாலோ என்னவோ, குழுவின் சந்தேகங்களும் என்னிடமே வந்து சேரும்.

கொஞ்ச காலமாக அவை பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைகளைப் பற்றியவை. பத்திரிகை என்று நம்பி ஒரு செயலியைக் கைப்பேசியில் இறக்கிய ஒருவரின் வங்கிக் கணக்கு காலியாகிவிட்டது. யார் அனுப்பியதென்று தெரியாவிட்டாலும் பத்திரிகையைத் திறந்து பார்க்காமல் விடுவது எங்களிடையே மரியாதைக் குறைவு. மோசடிக்காரர்களுக்கு அது தெரிந்திருந்தது. அதன்பின் எந்த இணைப்பு வந்தாலும் பார்த்துச் சொல்லும்படி எனக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

ஒவ்வொன்றாகப் பார்த்துச் சலித்து, பைத்தான் கணினி மொழியில் சிறு நிரல் ஒன்று எழுதினேன். இணைய ஆபத்துகளைப் பற்றிய தகவல்களைத் திரட்டி வைக்கும் ஒரு சேவையிடம், நிரல்கள் கேள்வி கேட்பதற்கென்று அது திறந்து வைத்திருக்கும் ஏபிஐ வழியாக, அந்த நிரல் இணைப்பைக் கொடுத்து விசாரிக்கும். எத்தனை பாதுகாப்பு நிறுவனங்கள் அதை ஆபத்தென்று குறித்துள்ளன, அது முதலில் காணப்பட்ட நாள் எது என்று பதில் வரும். இலவசக் கணக்கு என்பதால் தொடர்ந்து கேட்க முடியாது. இரண்டு கேள்விகளுக்கு நடுவே நிரல் சற்றுத் தூங்கி எழ வேண்டும். பதிலில் எனக்குப் பிடித்தது அந்த நாள்தான். பொய்ப் பத்திரிகைக்கும் ஒரு பிறந்த நாள் இருந்தது.

ஒரு புதன்கிழமை, பெயரில்லாத ஓர் எண்ணிலிருந்து பலருக்கும் வந்த இணைப்பை எனக்கு அனுப்பினார்கள். அப்படி ஒரு முகவரியையே தான் அறியவில்லை என்றது சேவை. இதற்கென்று நான் நிரலில் எழுதி வைத்திருந்த சொற்கள் "பதிவு இல்லை". அதை அப்படியே குழுவில் போட்டேன். பதிவு இல்லாதவனை வீட்டுக்குள் விடலாமா என்று ஒருவர் கேட்க, எல்லோரும் அழித்துவிட்டார்கள்.

மறுநாள் மாலை, இரண்டாம் லயத்தில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா நேரில் வந்தார். கையுறைத் தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. எண் மாறியதை யாருக்கும் சொல்ல நேரமில்லையாம். கணவர் இல்லை, லீவும் கிடைக்கவில்லை. வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைக்க முடியாததால் மகளின் கல்யாணத்துக்கு இணைப்பை அனுப்பியிருக்கிறார். எத்தனை பேர் வருவார்கள் என்று மறுநாள் சமையல்காரருக்குச் சொல்ல வேண்டும். அந்த இணைப்பில் வருவோர் பட்டியலில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நிறைந்துவிட்டது. தோட்டத்து ஆட்களில் வருவதாக ஒருவரும் சொல்லவில்லை.

"என் மவ கல்யாணத்த ஸ்கேம்னு சொல்லிட்டீங்களாமே, தம்பி."

நான் அப்படிச் சொல்லவில்லை. சொன்னது உண்மைதான், ஆனால் அந்த உண்மைக்கு என்ன பொருள் என்று சொல்லாமல் விட்டிருந்தேன். அவரை உட்காரவைத்துவிட்டு, இணைப்பைப் பரிசோதிக்கும்படி சேவைக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் பதில் வந்தது: ஆபத்தென்று குறித்தவர் யாருமில்லை. முதலில் காணப்பட்ட நாள், அன்றைய நாள். அதாவது நான் பரிசோதிக்கக் கேட்ட நாள். அந்தப் பத்திரிகைப் பக்கமோ பல நாள்களாக இணையத்தில் இருந்தது. யாராவது கேட்கும்வரை அதற்கு வரலாறு கிடையாது. நான் குறித்து வைத்திருக்கும் நாள்களிலும் எத்தனை இப்படிப்பட்டவையோ.

குழுவில் விளக்கமாக எழுதினேன். பாகான் டத்தோவில் லாரி ஓட்டும் ஒருவன் மட்டும் பதில் போட்டான்: "இன்னைக்கு கிளீன் அண்ணே. நாளைக்கு?"

சரியான கேள்வி. நேற்றுத் தெரியாத முகவரியை இன்று யாரும் குறை சொல்லவில்லை என்பது நற்சான்று ஆகாது. என் நிரலால் அதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது. அக்கா என் கைப்பேசியை வாங்கி அவனுக்கு வீடியோ அழைப்புப் போட்டார்.

"டேய், லயத்து பைப்படியில ஒன்ன இடுப்புல வச்சிக்கிட்டு வரிசையில நின்னவ நானு. எந்த ஸ்கேமருக்கு லா அது தெரியும்?"

அவன் முகம் திரையில் கொஞ்சம் அசடு வழிந்தது. "அக்காவா? வாரேன் லா. சைவமா, அசைவமா?"

"வந்து பாரு."

அதன்பின் லயத்தில் வீடுகள் இருந்த வரிசையிலேயே, மேட்டு வீட்டிலிருந்து, ஒவ்வொருவராக அழைத்தார். விடுபட்ட வீடுகளை நான் எடுத்துக் கொடுத்தேன். சமையல்காரருக்குச் சொல்ல ஓர் எண்ணிக்கை கிடைத்ததும்தான் தேநீரைத் தொட்டார். அது ஆறிப்போயிருந்தது.

அவர் போனதும் நிரலில் ஒரு வரியை மாற்றினேன். "பதிவு இல்லை" என்று இருந்த இடத்தில் இப்போது, "இதைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை. அனுப்பியவரை அழைத்துப் பேசுங்கள்" என்று வரும்.

கல்யாணத்தன்று பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த லாரிக்காரன் என் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அண்ணே, ரசத்த செக் பண்ணிட்டீங்களா?"